ஐந்தாம் மாதம்: வாந்தி நின்றுவிட்டது, அசைவு இன்னும் தெரியவில்லை, ஏற்காடு போய் வரலாமா?

செவ்வாய்ப்பேட்டை_மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் குழந்தை. 18 வாரம் முடிந்திருக்கிறது.

முதல் மூன்று மாதமும் வாந்தி எடுத்தே ஓய்ந்துபோனேன். பக்கத்து வீட்டில் தாளித்தால்கூட இங்கே எழுந்து ஓடுவேன். இப்போது அதெல்லாம் நின்றுவிட்டது. நன்றாகப் பசிக்கிறது, தூக்கமும் வருகிறது. வீட்டில் எல்லோரும் "இனி மூணு மாசம் சுகமா இருக்கும்" என்கிறார்கள். எனக்கோ இப்போதுதான் பயம் பிடித்திருக்கிறது. வாந்தி இருந்தவரை உள்ளே ஒரு உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. இப்போது எதுவுமே தெரியவில்லை. வயிறும் அப்படி ஒன்றும் எடுப்பாக இல்லை, சுடிதார் போட்டால் கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன் என்றுதான் நினைப்பார்கள். ஐந்து ரோடு போகிற பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் தருவதில்லை, அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அடுத்து டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதுவரை எதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்வது?

என் நாத்தனாருக்கு 16 வாரத்திலேயே அசைவு தெரிந்துவிட்டதாம். தினமும் போன் போட்டு "இன்னும் இல்லையா?" என்று கேட்கிறார்.

இன்னொன்று. கணவருக்கு ஏற்காட்டில் வேலை. சனிக்கிழமை நான் மேலே போய், திங்கள் காலை இறங்கிவிடுவேன். "அஞ்சாம் மாசம் மலை ஏறக்கூடாது, இருபது வளைவுலயும் வயிறு குலுங்கும்" என்று மாமியார் தடுக்கிறார். டாக்டரைக் கேட்டேன். "போங்க, ஜாக்கிரதையா" என்றார். என்ன ஜாக்கிரதை என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

காலையில் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது, மூக்கும் அடிக்கடி அடைக்கிறது, போன வாரம் மூக்கிலிருந்து சொட்டு சொட்டாக ரத்தம் வந்தது. இதெல்லாம் வழக்கம்தானா?

ஓமலூர்_அக்கா:

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் நாத்தனார் 16 வாரம் என்று சொல்வது எத்தனையாவது குழந்தைக்கு?

செவ்வாய்ப்பேட்டை_மருமகள்:

இரண்டாவது.

ஓமலூர்_அக்கா:

அதானே பார்த்தேன். முதல் குழந்தைக்கு அவர் என்ன சொன்னார் என்று மாமியாரைக் கேட்டுப் பாருங்கள், கணக்கு மாறும். முதல் பிள்ளைக்கு 20 வாரம் வரை தெரியாமல் இருப்பது சர்வ சாதாரணம். இரண்டாவதற்கு நமக்கு அடையாளம் தெரிந்துவிடுகிறது, அதனால் முன்னாடியே பிடித்துவிடுகிறோம். குழந்தை அதற்கு ரொம்ப முன்பே உள்ளே புரண்டுகொண்டுதான் இருக்கும், நமக்கு எட்டுவதுதான் பின்னால்.

உதைக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். ஆரம்பத்தில் உதையெல்லாம் கிடையாது. அடுப்பில் தண்ணீர் வைத்தால் கொதி வருவதற்கு முன்னால் அடியிலிருந்து சின்னக் குமிழி ஒன்று கிளம்பும் பாருங்கள், அந்த அளவுதான். நம் ஆட்களில் பாதிப் பேர் அதை வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். இரவு சாப்பிட்ட பிறகு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, போனைத் தள்ளி வைத்துவிட்டுக் கவனியுங்கள். போன் கையில் இருந்தால் தெரியாது.

நாத்தனார் போனை இரண்டு நாள் எடுக்காமல் இருந்தாலும் தப்பில்லை.

நாகலூர்_மிளகு:

நான் மலைக்காரன். என் மனைவி இரண்டு பிரசவத்துக்கும் ஏழாம் மாதம் வரை இந்த ரோட்டில் ஏறி இறங்கியவர். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் பக்கத்துப் பெண்கள் எல்லோருமே ஸ்கேனுக்குக் கீழேதான் போக வேண்டும். மலை ஏறக்கூடாது என்றால் எங்கள் ஊரில் ஒருத்தரும் பிள்ளை பெற்றிருக்க முடியாது.

வயிறு குலுங்குவதைவிட வாந்திதான் பிரச்சினை. உங்களுக்கு நின்றுபோன வாந்தி ஒன்பதாவது வளைவில் திரும்பி வரலாம். முன்சீட்டில் உட்காருங்கள், ரோட்டைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். அடிவாரத்தில் வயிறு நிறைய பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், அதே நேரம் வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். பைக் வேண்டாம், பள்ளத்துக்காக மட்டும் சொல்லவில்லை, மே மாதம் டூரிஸ்ட் பையன்கள் வளைவில் எப்படி வருகிறார்கள் என்று எங்களுக்குத்தான் தெரியும். கோடை விழா சமயம் முடிந்தவரை ஞாயிறு மாலை இறங்க வேண்டாம், ஒரு மணி நேரப் பாதை மூன்று மணி நேரம் ஆகும், நடுவில் பாத்ரூம் கிடையாது. திங்கள் விடிகாலைதான் நல்லது. குப்பனூர் வழி கொஞ்சம் சுற்று என்றாலும் கூட்டம் குறைவு.

ஓய்வுபெற்ற_நர்ஸ்:

கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சேர்வராயன் மலையிலும் சில வருடம் இருந்திருக்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அசைவு: ஓமலூர் அக்கா சொன்னது சரி. 24 வாரம் ஆகியும் ஒன்றுமே தெரியவில்லை என்றால்தான் உடனே போய்க் காட்ட வேண்டும். அதற்கு முன் இன்று தெரிந்தது, நாளை தெரியவில்லை என்று இருப்பது இயல்பு. அசைவை எண்ணிப் பார்ப்பதெல்லாம் 28 வாரத்துக்கு மேல்.

மனதைத் தேற்ற ஒரு வழி கேட்டீர்கள். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள், வயிறு தளரும். தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக ஒரு விளிம்பு தட்டுப்படும், அதற்கு மேலே வயிறு மெத்தென்று இருக்கும். அந்த விளிம்புதான் கருப்பையின் மேல்பக்கம். 20 வாரத்தில் அது தொப்புளைத் தொட்டுவிடும். தட்டுப்படவில்லை என்றாலும் கலங்காதீர்கள், கை பழக வேண்டும். அவ்வளவு பயமாக இருந்தால் இரண்டு வாரம் எதற்குக் காத்திருக்கிறீர்கள்? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சொன்னால் டாப்ளர் வைத்து இதயத் துடிப்பைக் கேட்கவைப்பார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கும், குதிரை ஓடுகிறதோ என்று தோன்றும். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கென்றே டாக்டர் பார்க்கும் நாள்.

ரத்தம்: கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. மூக்கின் உள்தோலும் ஈறும் வீங்கி மென்மையாகிவிடும், அதனால்தான் கசிகிறது. மூக்கில் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்காதீர்கள், முன்பக்கம் குனிந்து மூக்கின் மெல்லிய பாகத்தைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். அடிக்கடி வந்தால் பிரஷர் பார்த்துவிட வேண்டும்.

மலை: ஏற்காடு 5,000 அடிக்குள்தான். பறக்கும் விமானத்துக்குள் இருக்கிற காற்றழுத்தமே 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவு வரை குறையும், அதில் கர்ப்பிணிகள் போய்த்தானே வருகிறார்கள். காரில் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் குறுக்கே போகக்கூடாது, வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பை ஒட்டிப் போக வேண்டும். மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே. பெல்ட்டே வேண்டாம் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள்.

ரத்தப்போக்கு, நீர் கசிவு, விட்டுவிட்டு அடிவயிற்று வலி, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், காய்ச்சல் இவற்றில் ஏதாவது வந்தால் மலையில் இருந்தாலும் சமவெளியில் இருந்தாலும் இங்கே வந்து எழுதிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கொண்டலாம்பட்டி_அப்பா:

ஆண்கள் எழுதலாமா? என் மனைவிக்கு 22 வாரம். நடு ராத்திரியில் கெண்டைக்கால் சுருட்டி இழுத்து அலறி எழுந்துவிடுகிறாள். நான் தேய்த்துவிடுகிறேன், அது போதுமா? பகலில் நாள் பூராவும் தறிப்பட்டறையில் நின்றுகொண்டே வேலை.

ஓமலூர்_அக்கா:

எழுதலாம், வாங்க. தேய்ப்பதற்கு முன் காலை நீட்டச் சொல்லி, பாதத்தைப் பிடித்து விரல்கள் முகத்தைப் பார்க்கும்படி மேல்நோக்கி வளைத்துவிடுங்கள். சட்டென்று விடும். படுக்கும் முன் இதையே நாலு முறை செய்தால் ராத்திரி வருவது குறையும். தறியில் நிற்பவர் என்றால் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கித் தாருங்கள், அதற்குத்தான் ஆண்பிள்ளை வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சுடுகிறது என்றால் அது வேறு, டாக்டரிடம் போய்விட வேண்டும்.

ஆத்தூர்ப்_பொண்ணு:

@செவ்வாய்ப்பேட்டை_மருமகள் இந்த மாதத்திலிருந்து பாலில் குங்குமப்பூ போட்டுக் குடியுங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான், பிள்ளைகள் நல்ல நிறம்.

சும்மா_படிப்பவர்:

உங்க வீட்ல எல்லாருமே நிறம்தானே, குங்குமப்பூ என்ன பண்ணுச்சு 😄

ஓய்வுபெற்ற_நர்ஸ்:

குங்குமப்பூவால் நிறம் வராது. அந்தக் காசுக்கு முருங்கைக்கீரையும் முட்டையும் வாங்கலாம். இந்த மாதங்களில் ரத்தம்தான் முக்கியம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். கால்சியம் மாத்திரை தனி. இரண்டையும் ஒன்றாக விழுங்குவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது, குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், மாத்திரைதான். பூச்சி மாத்திரை ஒன்று, அல்பெண்டசோல், இந்த நடு மாதங்களில்தான் கொடுப்பார்கள்.

காபி, டீ குடித்த வாயோடு இரும்பு மாத்திரை போட்டால் பாதி வீண்.

நாகலூர்_மிளகு:

அம்மா, காபி ஊரில் இருப்பவனிடம் இப்படிச் சொல்லலாமா.

ஓய்வுபெற்ற_நர்ஸ்:

குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லையே. ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபீனுக்குள் இருந்தால் போதும் என்கிறார்கள், இரண்டு சின்ன டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மலைக்காபி போல கெட்டி டிக்காஷன் என்றால் ஒன்றோடு நிறுத்துவது உத்தமம். காலையில் காபி, மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சை ஜூஸோடு இரும்பு மாத்திரை, ராத்திரி கால்சியம். மலையில் நான் இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். மாத்திரையை வாங்கிக் கூரையில் செருகி வைத்துவிட்டு "சாப்பிட்டேன்" என்பார்கள், அதையும் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை_மருமகள்:

நர்ஸம்மா, அந்த விளிம்பு கையில் தட்டுப்பட்டது! மூன்றாவது நாள். கணவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், அவர் பயந்து கையை எடுத்துவிட்டார்.

ஒரு அவசரக் கேள்வி, சிரிக்கக்கூடாது. தட்டுவடை செட் சாப்பிடலாமா? கனவில் வருகிறது.

ஓமலூர்_அக்கா:

சேலத்தில் பிறந்துவிட்டு இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தட்டுவடையில் தப்பில்லை, அது எண்ணெயில் பொரிந்தது. மேலே போடுகிற பச்சை வெங்காயம், கேரட், பீட்ரூட் துருவல், அந்த இரண்டு சட்னி, இவைதான். எந்தத் தண்ணீரில் கழுவினார்கள், எப்போது அரைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. டைபாய்டு, மஞ்சள் காமாலை வந்தால் இந்த நேரத்தில் பெரிய தொல்லை. தட்டுவடையைக் கடையில் வாங்கி வந்து, காயும் சட்னியும் வீட்டில் செய்து, அடுக்கிச் சாப்பிடுங்கள். வண்டிக்கடை ருசி வராது, ஒத்துக்கொள்கிறேன்.

கொண்டலாம்பட்டி_அப்பா:

நேற்று அப்படித்தான் செய்து கொடுத்தேன். மாங்காய்த் துருவல் போடாததற்குத் திட்டு வாங்கினேன்.

சும்மா_படிப்பவர்:

ஸ்கேன் எடுக்கப் போகும்போது என்ன குழந்தைன்னு மெதுவா கேட்டுப் பாருங்க. சில இடத்துல ஜாடையா சொல்றாங்களாம். நஞ்சு முன்பக்கம் இருந்தா...

(மீதி மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது. இந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.)

ஓய்வுபெற்ற_நர்ஸ்:

தம்பி, நீக்கியது நல்லது. நஞ்சுக்கொடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கும் ஆணா பெண்ணா என்பதற்கும் சம்பந்தம் இல்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்வது மட்டுமல்ல, அதற்காக ஸ்கேன் சென்டரைத் தேடிப் போவதும் குற்றம்.

வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால் இத்தோடு விட்டிருப்பேன். வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஜெயலலிதா 1992இல் தொடங்கியது எந்த மாவட்டத்தில்? நம் சேலத்தில்தான். ஏன் இங்கே தொடங்க வேண்டி வந்தது? நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், இரண்டாவது மூன்றாவதாகப் பெண் பிறந்த வீட்டுக்கு முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று முறை போய்ப் பார்க்கச் சொல்லுவார்கள். குழந்தையை எடுத்துக் காட்டச் சொல்லி, கையில் வாங்கி, எடை பார்த்துவிட்டுத்தான் திரும்புவோம். எதற்காக என்று விவரமாக எழுத எனக்கு மனம் வரவில்லை, நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அதனால் "ஜாடையா" என்ற பேச்சை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை.

சும்மா_படிப்பவர்:

சரிங்க அம்மா. மன்னிச்சிடுங்க.

எஸ்டேட்_வீடு:

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். எல்லோரும் கார், முன்சீட், ஸ்கேன் என்று பேசுகிறீர்கள். என் தங்கை மலையில் ஒரு காபித் தோட்டத்தில் வேலை செய்கிறாள். அஞ்சு மாதம். மிளகுக் கொடியும் காபிச் செடியும் இருக்கும் சரிவில் ஏறி இறங்கித்தான் வேலை. வயிறு தெரிய ஆரம்பித்ததும் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அவளுக்கு வயிறு தெரியாமல் இருந்த வரைக்கும் வேலை இருந்தது. இதற்கு என்ன செய்வது?

நாகலூர்_மிளகு:

எந்தத் தோட்டம் என்று இங்கே எழுத வேண்டாம், எனக்குத் தனியாக எழுதுங்கள். மேஸ்திரி சொன்னால் முடிந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. மகப்பேறு உதவி உரிமை 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே தோட்டங்களுக்கும் உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும், தினக்கூலி என்றாலும் உரிமை உண்டு. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். கர்ப்பத்தைக் காரணமாக வைத்து நிறுத்தி இந்த உதவியைத் தட்டிக்கழிக்க முடியாது. மஸ்டர் ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு எது கிடைத்தாலும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொழிலாளர் துறையில் எழுதிக் கொடுக்கலாம்.

ஓய்வுபெற்ற_நர்ஸ்:

பிக்மி எண், அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தால் தரும் எண், எடுத்தாகிவிட்டதா? பன்னிரண்டு வாரத்துக்குள் எடுப்பது நல்லது, இல்லை என்றால் நாளைக்கே நர்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண் இருந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி வரும், பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள். நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 வங்கிக் கணக்குக்குத் தவணையாக வரும், மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். வங்கிக் கணக்கு தங்கையின் பெயரிலேயே இருக்கட்டும். அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கச் சொல்லுங்கள். சமுதாய வளைகாப்புக்குக் கூப்பிட்டால் போய்விட்டு வரட்டும், வளையலோடு பரிசோதனையும் அறிவுரையும் கிடைக்கும்.

சரிவில் ஏறுவதைவிடச் சுமை தூக்குவதுதான் எனக்குக் கவலை. காபி மூட்டையைத் தலையில் வைத்து இறங்குவது இனி வேண்டாம். கடைசி மாதத்தில் மலையிலேயே இருக்காமல் முன்கூட்டியே இறங்கிவிட வேண்டும், சில மலைப்பகுதி நிலையங்களில் முன்னதாக வந்து தங்க அறை உண்டு, கேட்டுப் பாருங்கள்.

எஸ்டேட்_வீடு:

நன்றி. பிக்மி எண் இருக்கிறது. மஸ்டர் ரோல் விவரம் கேட்டுவிட்டு மிளகு அண்ணனுக்கு எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை_மருமகள்:

ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்தது. டிஃபா ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு டோக்கன், உள்ளே கூப்பிட்டபோது மதியம் ஆகிவிட்டது. எந்த இடம் என்று எழுதவில்லை, எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று பக்கத்தில் இருந்த அம்மா சொன்னார். ஜெல் சில்லென்று இருந்தது. பார்த்த டாக்டர் பத்து நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திரையில் கோடு போடுகிறார், எண் வருகிறது, அடுத்ததற்குப் போகிறார். நான் அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், சுருங்குகிறதா என்று. அப்புறம்தான் "பேபி குப்புறப் படுத்திருக்கு, ஹார்ட் சரியா தெரியலை, வெளிய போய் ஏதாவது சாப்பிட்டு, நடந்துட்டு வாங்க" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. வெளியில் உட்கார்ந்திருந்தவர்களில் மூன்று பேர் அதே மாதிரி சாப்பிட்டு நடக்க அனுப்பப்பட்டவர்கள் என்று தெரிந்த பிறகுதான் இட்லி இறங்கியது. இரண்டாவது முறை போனபோது திரும்பிப் படுத்திருந்தது. இதயத்தின் நான்கு அறை, சிறுநீரகம் இரண்டு, முதுகெலும்பு, மேலுதடு எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். எடை 340 கிராம் என்று போட்டிருக்கிறது.

நஞ்சு முன்பக்கம், "ஆன்டீரியர்" என்று எழுதியிருக்கிறது. இதில் ஏதாவது பயம் உண்டா?

ஓய்வுபெற்ற_நர்ஸ்:

பயம் இல்லை. நஞ்சு கருப்பையின் முன்சுவரில் ஒட்டியிருக்கிறது, குழந்தைக்கும் உங்கள் வயிற்றுத் தோலுக்கும் நடுவே. குழந்தை உதைப்பது அதன் மேல் படுவதால் உங்களுக்கு எட்டவில்லை. இத்தனை நாள் தெரியாததற்குக் காரணம் இதுதான், இன்னும் ஓரிரு வாரம் ஆகலாம். ஆரம்பத்தில் ஓரங்களிலும் அடிவயிற்றிலும்தான் தெரியும்.

ஆத்தூர்ப்_பொண்ணு:

எனக்கு "லோ லையிங்" என்று எழுதிவிட்டார்கள். நஞ்சு கீழே இறங்கி இருக்கிறதாம். கொழுந்தியாள் சிசேரியன்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

ஓய்வுபெற்ற_நர்ஸ்:

இந்த வாரத்தில் கீழே இருப்பது பலருக்கும் உண்டு, கருப்பை வளர வளரப் பெரும்பாலானவர்களுக்கு மேலே போய்விடும். 32 வாரம் போல மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள், முடிவு அப்போதுதான். அதுவரை துளி ரத்தம் பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே ஆஸ்பத்திரி. மலைப்பயணம், உடலுறவு பற்றி உங்கள் டாக்டரைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இந்த ஸ்கேனைத் தள்ளிப்போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. "அடுத்த மாதம் கூலி வந்ததும் எடுக்கலாம்" என்று ஆறாம் மாதம் கடந்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏதாவது குறை தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவும், மறுபடி பார்க்கவும், குடும்பம் ஒரு முடிவெடுக்கவும் நேரம் வேண்டும். 24 வாரத்தைத் தாண்டிவிட்டால் கருக்கலைப்புக்குச் சட்டப்படி மருத்துவ வாரியம் வரை போக வேண்டி வரும்.

குண்டு_மாம்பழம்:

எல்லோரும் நல்ல விஷயமாகப் பேசும்போது நான் அழ வந்திருக்கிறேன். 25 வாரம். சர்க்கரைத் தண்ணீர் டெஸ்ட்டில் 158. குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை. வீட்டுப் பின்னால் குண்டு மாமரம், காய்த்துக் குலுங்குகிறது, அப்பா பழுக்க வைத்து வைக்கோலில் அடுக்கி வைத்திருக்கிறார். வாசனை படுக்கையறை வரை வருகிறது.

ஓமலூர்_அக்கா:

அழாதே கண்ணு. எனக்கும் இரண்டாவதற்கு வந்தது, பிரசவத்தோடு போய்விட்டது. சாப்பாட்டிலேயே எனக்குக் கட்டுப்பட்டது, ஊசி வரை போகவில்லை. ஊசி போட்டாலும் அது தண்டனை இல்லை.

அரிசியை விட வேண்டாம், அளவைக் குறை. காய், பருப்பு, முட்டை முதலில், சோறு பின்னால். ஜவ்வரிசிப் பக்கமே போகாதே, நம் ஊரில் எதற்கெடுத்தாலும் ஜவ்வரிசிதான், பாயசம், வடாம், உப்புமா என்று, எல்லாம் வெறும் மாவுச்சத்து. சாப்பிட்டதும் பத்து பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நட. மாம்பழம் முழுசாகக் கூடாது. சாப்பாட்டோடு சேர்த்தும் கூடாது. இரண்டு துண்டு, சாயங்காலம், நாலு வேர்க்கடலையோடு. இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்துப் பார், உன் உடம்பு என்ன சொல்கிறது என்று தெரியும். ஜூஸ் வேண்டவே வேண்டாம்.

ஓய்வுபெற்ற_நர்ஸ்:

வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் இருக்கப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரத்தில் ஒரு முறை சோதிக்க வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். குடும்பத்தில் இல்லாவிட்டாலும் வரும், அதனால்தான் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை.

செவ்வாய்ப்பேட்டை_மருமகள்:

22 வாரம் தொடங்கியிருக்கிறது. அசைவு தெரிந்துவிட்டது! நான் நினைத்த மாதிரி ராத்திரி அமைதியில் எல்லாம் இல்லை, ஆபீஸில் கொலுசு ஸ்டாக் எடுத்துக்கொண்டிருக்கும்போது, இடது இடுப்பு ஓரமாக. கணக்கு தப்பி மறுபடி முதலிலிருந்து எடை போட்டேன். இப்போது சாப்பிட்டால் தெரிகிறது, பஸ்ஸில் தெரிவதில்லை. மாமியாரும் மலைக்குப் போக விட்டுவிட்டார், தானும் கூட வருவதாகச் சொல்லி. முன்சீட் அவருக்கு, அது வேறு கதை.

நாத்தனார் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்: "ஏழாம் மாசம் கட்டுச்சோறு எப்ப?"

அடுத்த மாதம் எனக்கும் அந்தச் சர்க்கரைத் தண்ணீர் டெஸ்ட் இருக்கிறது. வெறும் வயிற்றோடு போகணுமா?

ஓய்வுபெற்ற_நர்ஸ்:

அரசு நிலையம் என்றால் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள், ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐ எட்டினால் சர்க்கரை என்று கணக்கு. தனியாரில் சிலர் வெறும் வயிற்றில் வரச் சொல்லி மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள், அதற்கு அளவுகள் வேறு. எந்த முறை என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் வர வேண்டும்.

குண்டு_மாம்பழம்:

வெறும் வயிற்றில் வரச் சொன்னால் முதல் ஆளாகப் போய்விடுங்கள், எட்டு மணிக்குப் போனால் பத்து மணிக்குத்தான் விடுவார்கள். ஒரே மடக்கில் குடிக்காதீர்கள், குமட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நடுவில் எழுந்து கடைத்தெருவுக்கெல்லாம் போகக்கூடாது, உட்கார்ந்தே இருக்க வேண்டும். முடிந்ததும் சாப்பிட டப்பாவில் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். நான் போன இடத்தில் கேண்டீனில் மிச்சம் இருந்தது கேசரி மட்டும்தான்.